கூட்டு ஆய்வு விழாவில் 15 நிமிடம் பேச வேண்டும், எந்தக் கதையைச் சொல்லலாம்?

சிறுதுகள்:

எல்லோருக்கும் வணக்கம். நான் இயற்பியலில் மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி. எங்கள் துறையும் ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆய்வு செய்யத் தொடங்கி ஐந்து வருடம் முடிகிறது, அடுத்த மாதம் அதை விழாவாக வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து இரண்டு பேராசிரியர்கள் வருகிறார்கள், எங்கள் துணைவேந்தர் வருகிறார். மாணவர்கள் சார்பில் 15 நிமிடம் நீ பேசு என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார்.

இந்த மாதிரி விழாக்களில் வழக்கமாக என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு நாட்டுக் கொடி, கைகுலுக்கும் படம், எந்த வருடம் எந்த ஒப்பந்தம் என்று ஒரு பட்டியல். அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் என் மனதில் இருக்கும் சந்தோஷம் அந்த ஸ்லைடுகளில் வராது. நான் அங்கே நாலு மாதம் இருந்தேன். இங்கே செய்த மாதிரிகளை அங்கே உள்ள கருவியில் அளந்தோம், இரவு பதினொரு மணிக்கு முதல் நல்ல தரவு வந்தபோது என் பக்கத்தில் இருந்தவள் அந்த ஊர் மாணவி. அப்புறம் அவள் இங்கே வந்து எங்கள் விடுதியில் ஒன்றரை மாதம் தங்கி, படிகம் வளர்க்கக் கற்றுக்கொண்டு போனாள். இதெல்லாம் எங்கள் சின்னக் கதை. இதற்கு முன்னால் இந்த மண்ணில் நடந்த ஒரு பெரிய கதையைச் சொல்லி, அதிலிருந்து எங்கள் கதைக்கு வரலாம் என்று பார்க்கிறேன்.

இரண்டு பக்கத்து ஆட்களும் உண்மையாகவே சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும், முடிவில் ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். ஜெனீவாவில் உள்ள ஐரோப்பியத் துகள் ஆய்வுக்கூடமான செர்ன் வேண்டாம், அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். யோசனை இருந்தால் சொல்லுங்கள்.


மாரிக்குப்பம்:

நீங்கள் இயற்பியல், கூட்டாளி ஜப்பான், கதை இந்த மண்ணில் நடந்திருக்க வேண்டும். அப்படியென்றால் வேறெங்கும் தேட வேண்டாம், கோலார் தங்கவயல்.

என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் போன குடும்பம், தங்கவயலில் பாதி ஊர் அப்படிப் போனதுதான். சின்ன வயதில் அப்பா சொல்வார், கீழே பம்பாய்க்காரர்களும் ஜப்பான்காரர்களும் வெள்ளைக்காரர்களும் சேர்ந்து இருட்டில் எதையோ பிடிக்கப் பெட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று. தங்கத்தை விட்டுவிட்டு அப்படி என்ன பிடிக்கிறார்கள் என்று எங்களுக்குப் புரியாது. பிறகு நானே இயற்பியல் படித்து, பள்ளியில் முப்பது வருடம் அதையே பாடம் நடத்தினேன். அதற்குக் காரணமே அந்தப் பெட்டிகள்தான்.

விஷயம் இதுதான். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவான், நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் பிறக்கின்றன. மியூவான் தரையில் எங்கேயும் வந்து விழுந்துகொண்டே இருக்கும், ஒரு விரல் நகம் அளவு இடத்தில் நிமிடத்துக்குச் சுமார் ஒன்று. நியூட்ரினோ எண்ணிக்கையில் ஏராளம், ஆனால் எதிலும் மோதாமல் பூமியையே துளைத்துக்கொண்டு போய்விடும். எப்போதாவது ஒன்று பாறையில் உள்ள அணுக்கருவில் மோதி ஒரு மியூவானை உண்டாக்கும், அதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் மேலிருந்து கொட்டும் சாதாரண மியூவான் மழையில் இந்த ஒன்றை எப்படி அடையாளம் காண்பது? மழை வராத ஆழத்துக்குப் போக வேண்டும்.

பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பி.வி. ஸ்ரீகண்டன் 1950களின் தொடக்கத்திலேயே கோலாரில் இறங்கி, ஆழம் கூடக்கூட மியூவான் எவ்வளவு குறைகிறது என்று அளந்திருந்தார். அனுப்பியவர் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஹோமி பாபா. 1960களின் தொடக்கத்தில் ஓசாகா நகரப் பல்கலைக்கழகத்தின் சபுரோ மியாகே சேர்ந்துகொண்டார். அவரும் நம் ஆட்களும் இன்னும் கீழே போய் எண்ணினார்கள். கடைசியாக எண்ணிய மிக ஆழமான இடத்தில் இரண்டு மாதம் கருவியை ஓடவிட்டும் ஒரு மியூவான்கூட வரவில்லை. வேறு யாராவது இருந்தால் கருவி கெட்டுவிட்டது, நேரம் வீண் என்று மேலே ஏறியிருப்பார்கள். இவர்களோ, இவ்வளவு அமைதியான இடம் கிடைத்துவிட்டதே, இனி இங்கே ஒன்று பதிவானால் அது நியூட்ரினோவின் வேலையாகத்தான் இருக்கும் என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான், சுழியம் வந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட இடம்.

அடுத்து இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் வந்தது, அர்னால்ட் வொல்ஃபெண்டேலின் குழு. நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களை வைத்துத் துகள் போன பாதையைப் படம் பிடிப்பதில் அவர்களுக்கு நல்ல தேர்ச்சி. பூமிக்கு 2.3 கிலோமீட்டர் கீழே, பாறையே சூடாக இருக்கும் இடத்தில், துகள் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பலகைகளைச் சுவர்போல எதிரெதிரே நிறுத்தி, நடுவில் அந்தக் குழாய்களை அடுக்கினார்கள். சுவர்போல ஏன் நிறுத்த வேண்டும்? மேலிருந்து தப்பித் தவறி வரும் மியூவான் கிட்டத்தட்ட நேராக இறங்கும். பக்கவாட்டில் வர வேண்டுமென்றால் அது இன்னும் எத்தனையோ கிலோமீட்டர் பாறையைக் கடக்க வேண்டும், முடியாது. ஆகவே படுக்கைவாட்டில் ஒரு மியூவான் வந்தால் அது பக்கத்துப் பாறையில் நியூட்ரினோ பெற்ற பிள்ளை.

1965இல் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பேப்பர் அனுப்பினார்கள், ஆகஸ்ட் 15 தேதியிட்ட பிசிக்ஸ் லெட்டர்ஸ் இதழில் வெளியானது. இதே வேட்டை தென்னாப்பிரிக்காவிலும் இன்னொரு தங்கச் சுரங்கத்தில் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் கேஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது, தலைமை பிரடெரிக் ரைன்ஸ், பின்னால் 1995இல் நோபல் வாங்கியவர். முதல் நிகழ்வு பதிவானது அவர்களிடம்தான், ஆனால் பேப்பர் வந்தது ஆகஸ்ட் 30இல். இரண்டு வாரம் முந்திக்கொண்டது கோலார். காற்று மண்டல நியூட்ரினோவை மனிதன் முதலில் பார்த்தது இந்த இரண்டு சுரங்கங்களில், இரண்டுமே நாடு விட்டு நாடு கைகோத்த வேலை. போட்டியாகப் பார்க்காதீர்கள், இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் உலகம் உடனே நம்பியது.


தரமணிவாசி:

மாரிக்குப்பம் ஐயா எழுதியதைப் படித்து உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்குத் தெரிந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அது இயற்பியல் இல்லை, பட்டறை.

சென்னை ஐஐடி மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்து பிறந்தது. 1956இல் பேச்சு தொடங்கியது, 1959இல் பான் நகரில் ஒப்பந்தம், அதே வருடம் ஜூலை 31 அன்று தொடக்க விழா. ஜெர்மன் பேராசிரியர்கள் குடும்பத்தோடு வந்து இங்கே தங்கினார்கள், நம் ஆசிரியர்கள் அங்கே போய்ப் பயிற்சி எடுத்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, பேராசிரியர்கள் மட்டும் வரவில்லை, பட்டறை மேஸ்திரிகளும் வந்தார்கள். நான் எழுபதுகளின் கடைசியில் படித்தவன், அவர்களை நேரில் பார்க்கவில்லை, ஆனால் அவர்கள் போட்ட பழக்கம் அப்படியே இருந்தது. ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவி ராவி சரிசமமாக்கச் சொல்வார்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு மயிரிழை ஒளி தெரிந்தாலும் திரும்ப ராவச் சொல்வார்கள். கையெல்லாம் கொப்புளம். இன்றைக்கும் ஒரு அளவைப் படித்தால் நம்பாமல் இன்னொரு முறை பார்க்கும் குணம் எனக்கு அங்கே வந்ததுதான்.

1973இல் ஜெர்மன் உதவியில் ஐபிஎம் 370/155 கணினி வந்தது. கார்டு அடுக்கை நீட்டிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த தலைமுறை நாங்கள். பிறகு ஆஹென், பெர்லின், பிரவுன்ஷ்வைக், ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகங்களோடு துறைக்குத் துறை உறவு தொடர்ந்தது.

கான்பூர் ஐஐடிக்கு இதே மாதிரி 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் துணை நின்றன, எம்ஐடி, பெர்க்லி, பிரின்ஸ்டன் எல்லாம் அதில் உண்டு. அதைப் பற்றி எழுத என்னைவிட அங்கே படித்தவர்கள் இருப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் நெகிழ்ச்சியான விஷயம் 2023இல் நடந்தது. கற்றுக்கொண்டு வளர்ந்த அதே சென்னை ஐஐடி தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது, ஐஐடி ஒன்று இந்தியாவுக்கு வெளியே போனது அதுதான் முதல் தடவை. பொறுப்பேற்றுப் போனவர் பேராசிரியர் பிரீத்தி அகலாயம், ஐஐடி வளாகம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். அறுபது சொச்சம் வருடத்துக்கு முன்னால் இங்கே மூட்டை முடிச்சோடு வந்திறங்கிய ஜெர்மன் குடும்பங்களை நினைத்துக்கொண்டேன், இப்போது நம் ஆட்கள் அப்படி இன்னொரு கடற்கரையில் இறங்கியிருக்கிறார்கள். உங்கள் பேச்சில் ஒரு வரி இதற்குக் கொடுங்கள்.


நீர்மட்டம்:

விழா நன்றாக நடக்கட்டும், மனதார வாழ்த்துகிறேன். ஆனால் ஒரு விஷயத்தையும் சேர்த்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், இல்லையென்றால் கீழே உட்கார்ந்திருக்கும் சில பேருக்கு மனது ஆறாது.

நான் நீர் வேதியியலில் ஆசிரியர். சில வருடத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக் குழுவோடு வேலை செய்தேன். இரண்டு கோடைக்காலம் கிணறு கிணறாக அலைந்து, என் மாணவர்கள் 300 பாட்டில் தண்ணீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினோம். பேப்பர் வந்தது, நல்ல பேப்பர். என் மாணவர்கள் பெயர் கடைசிப் பத்தியில் நன்றி சொல்லும் இடத்தில் இருந்தது. தரவுக் கோப்பை நாங்கள் கேட்டு வாங்கவே ஏழு மாதம் ஆனது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, முதல் நாளே உட்கார்ந்து யார் பெயர் எங்கே, தரவு யாரிடம் என்று நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஒப்பந்தத்தில் பரஸ்பர நட்புறவு பற்றி ஒரு பக்கம் இருந்தது, தரவு பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த முறை அதை எழுதிக்கொண்டு தொடங்கினோம், அந்தக் கூட்டு இன்றுவரை நன்றாகப் போகிறது, என் மாணவி ஒருத்தி இப்போது இரண்டு இடத்து நெறியாளர்களிடமும் சேர்ந்து பட்டத்துக்கு வேலை செய்கிறாள்.

மாரிக்குப்பம் ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்த 1965 பேப்பரில் நம் ஆட்கள் பெயர் எங்கே இருந்தது?


மாரிக்குப்பம்:

நல்ல கேள்வி, இதைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தேன்.

பதினொரு பேர். முதல் பெயர் சி.வி. ஆச்சார். அடுத்து எம்.ஜி.கே. மேனன், வி.எஸ். நரசிம்மம், பி.வி. ரமணமூர்த்தி, பி.வி. ஸ்ரீகண்டன். இந்த ஐந்து பேரும் டாட்டா நிறுவனம். பிறகு ஓசாகாவின் ஹினோதானியும் மியாகேயும். கடைசியாக டர்ஹாமிலிருந்து கிரீட், ஆஸ்போர்ன், பாட்டிசன், வொல்ஃபெண்டேல். கவனித்துப் பாருங்கள், ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் ஆங்கில அகரவரிசை. பெரியவர் சின்னவர் கணக்கு இல்லை. மேனன் அப்போதே பெரிய பெயர், ஆனால் ஆச்சாருக்கு அடுத்துதான். வொல்ஃபெண்டேல் பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஆனவர், அவர் பெயர் கடைசி. 1965இல், நம்மிடம் அந்நியச் செலாவணி இல்லாமல் ஒரு எலக்ட்ரானிக் வால்வு இறக்குமதி செய்யக் கஷ்டப்பட்ட காலத்தில், இப்படி ஒரு பக்கம் அச்சாகியிருக்கிறது. பள்ளியில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து ஆய்வகக் கதவில் ஒட்டியிருந்தேன்.

ஒரு குறை மட்டும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், அவர்களை இறக்கியவர்கள், கீழே வெடி வைத்து அறை குடைந்தவர்கள், காற்றும் மின்சாரமும் நிற்காமல் பார்த்துக்கொண்டவர்கள், இவர்களில் யார் பெயரும் அதில் இல்லை. கோலாரில் பாறை திடீரென்று வெடித்துச் சரியும், அதில் உயிர் விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. சிறுதுகள், நீங்கள் பேசும்போது தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசிய அந்தத் தொழிலாளர்களை ஒரு வாக்கியத்தில் நினைத்துக்கொண்டால் என் அப்பாவுக்கு மரியாதை செய்ததாக எடுத்துக்கொள்வேன்.


சேத்துப்பட்டுக்காரர்:

நான் மருத்துவம், அதனால் துறை மாறிப் பேசுகிறேன், பல்கலைக்கழகக் கூட்டு என்று இதைச் சொல்லவும் முடியாது. ஆனால் சென்னையில் நடந்ததை யாரும் சொல்லாமல் விட்டால் மனது கேட்காது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து. அப்போதெல்லாம் காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. நோயாளிகளோ ஆயிரக்கணக்கில், படுக்கை சில நூறு. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள், பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் சென்னையின் நெருக்கமான வீடுகளில் அரைகுறைச் சாப்பாட்டோடு. இருவருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் முடிவை வெளியிட்டார்கள், அதற்குப் பிறகு உலகம் முழுக்க காசநோயாளியை வீட்டில் வைத்துக் குணப்படுத்தும் வழி திறந்தது.

வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதற்காகவே 1956இல் வந்து ஐந்து வருடம் இங்கேயே இருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்த நம் ஊர் சுகாதாரப் பணியாளர்கள் இல்லாமல் அந்தத் தரவுக்கு மதிப்பே இருந்திருக்காது. தரமணிவாசி சொன்ன ஜெர்மன் குடும்பங்கள் மாதிரி, இங்கேயும் வந்து தங்கியவர்களால்தான் வேலை நடந்தது. வருடத்துக்கு மூன்று நாள் வந்து போகிற கூட்டில் இது நடக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.


சிறுதுகள்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரவு இரண்டு மணி வரை படித்துக்கொண்டிருந்தேன்.

கோலார்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அந்தப் பதினொரு பெயர் உள்ள பக்கத்தைத் திரையில் போட்டுவிட்டு அதிலிருந்தே தொடங்கப் போகிறேன், கொடிகள் இல்லாமல். நீர்மட்டம் சார், உங்கள் அனுபவத்தைப் படித்த பிறகு எங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், தரவு பற்றி இரண்டு வரி இருக்கிறது, ஆனால் மாணவர்கள் பெயர் பற்றி ஒன்றும் இல்லை. என் நெறியாளரிடம் காட்டினேன், புதுப்பிக்கும்போது சேர்த்துவிடலாம் என்று உடனே ஒத்துக்கொண்டார், ஜப்பான் தரப்புக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.

மாரிக்குப்பம் ஐயா, ஒரு சந்தேகம். ஓசாகாவோடு கூட்டு 1965க்குப் பிறகும் தொடர்ந்ததா? வருகிற பேராசிரியர்கள் கேட்டால் சொல்ல வேண்டும்.


மாரிக்குப்பம்:

தொடர்ந்தது அம்மா. 1980 வாக்கில் அதே தங்கவயலில், அதே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க இரும்புத் தகடுகளையும் எண்ணிக் குழாய்களையும் அடுக்கி 140 டன் எடையில் ஒரு கருவி வைத்தார்கள், டாட்டா நிறுவனமும் ஓசாகாவும் சேர்ந்து. இதற்கென்றே வைத்த பெரிய கருவிகளில் உலகிலேயே முதலில் ஓடத் தொடங்கியவற்றில் அதுவும் ஒன்று. இதே வேலைக்காக ஜப்பானின் காமியோகாந்தே கருவி 1983இல் வந்தது, அதன் வாரிசான சூப்பர் காமியோகாந்தேயில்தான் 1998இல் நியூட்ரினோ வகை மாறுகிறது, அதற்கு நிறை உண்டு என்று கண்டுபிடித்தார்கள், அந்தக் குழுவின் கஜிதா 2015இல் நோபல் வாங்கினார். அவர்கள் பார்த்தது எந்த நியூட்ரினோ தெரியுமா? கோலாரில் 1965இல் பிடித்த அதே காற்று மண்டல நியூட்ரினோ. இதைச் சொன்னால் உங்கள் விருந்தினர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஓசாகா நகரப் பல்கலைக்கழகம் 2022இல் இன்னொரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து இப்போது ஓசாகா பெருநகரப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது, பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்.

சுரங்கம் 2001இல் மூடிவிட்டது. ஆய்வுக்கூடம் அதற்கு முன்னாலேயே மூடியாகிவிட்டது, கீழே இப்போது தண்ணீர்தான். அப்பாவின் தலைவிளக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது, மேஜையில் வைக்க வேண்டுமென்றால் கூரியரில் அனுப்பி வைக்கிறேன், விழா முடிந்ததும் திருப்பி அனுப்பினால் போதும்.


சிறுதுகள்:

ஐயா, கண் கலங்கிவிட்டது. கூரியர் வேண்டாம், நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், நீங்களும் விழாவுக்கு வர வேண்டும், துறைத் தலைவரிடம் பேசிவிட்டேன், முதல் வரிசையில் இடம். ஜப்பான் மாணவியும் பேராசிரியர்களோடு வருகிறாளாம், நேற்றுதான் உறுதியானது. 15 நிமிடத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன், ஓசாகா பக்கத்தை அவள் சொல்வாள், கோலார் பக்கத்தை நான் சொல்கிறேன். இந்த இழையை அவளுக்காக மொழிபெயர்க்க உட்கார்ந்திருக்கிறேன், 'ராவுதல்' என்பதற்கு ஜப்பானிய மொழியில் என்ன என்று அவளிடமே கேட்டிருக்கிறேன்.